பாட்டு வருது, ஆள் வரல

"தம்பி, பாட்டு வருது. பாடுற ஆள் வரல."

நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. 2010. கடை சாத்துகிற நேரத்தில் வந்த பெரியவர் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே போனையும் ஹெட்செட்டையும் கண்ணாடிப் பலகை மேல் வைத்தார். போன் புதிது, பேரன் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தது. ஹெட்செட் அவருடைய பழைய நோக்கியாவோடு வந்தது. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். வயலின்கள் கேட்டன. ஓரமாக ஒரு புல்லாங்குழல் வந்துபோனது. தபேலா எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து ஒலித்தது. எஸ்.பி.பி. பாட வேண்டிய இடத்தில் அவர் குரலின் எதிரொலி மட்டும் புகை மாதிரி மிதந்தது. குரலைக் காணோம்.

கடை அண்ணன் வேலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மைக் பட்டனை அமுக்கிப் பிடிடா" என்றார். அமுக்கினேன். எஸ்.பி.பி. வந்துவிட்டார். விரலை எடுத்தேன், போய்விட்டார்.

பெரியவருக்கு மைக் இல்லாத சாதா ஹெட்செட் ஒன்றை நாற்பது ரூபாய்க்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தார். பின்னை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். 3.5 மி.மீ. தடிமன், 14 மி.மீ. நீளம். மூன்று கறுப்பு வளையம் அதை நான்கு துண்டாகப் பிரிக்கிறது. நுனி இடது காதுக்கு. அடுத்தது வலது காதுக்கு. மிச்சம் இருக்கும் இரண்டில் ஒன்று கிரவுண்டு, ஒன்று மைக். எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் தகராறு. அன்றைய நோக்கியாவில் ஒரு வரிசை, ஆப்பிளிலும் பின்னால் வந்த ஆண்ட்ராய்டு போன்களிலும் இன்னொரு வரிசை. ஒன்றின் ஹெட்செட்டை இன்னொன்றில் சொருகினால் கிரவுண்டு அறுந்துபோகும். மைக் பட்டனை அமுக்கினால் மைக்கும் கிரவுண்டும் ஒன்றாகச் சேரும், அதனால் குரல் திரும்பி வரும்.

குரல் மட்டும் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அண்ணன் படித்தது எட்டாவது. அவர் சொன்ன விளக்கத்தை அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. ரெண்டு காதுக்கும் போன கரண்ட் திரும்பி வர ஒரு பொதுவழி வேணும், அந்த வழி அடைச்சுப்போச்சுன்னா இடது காதுக்குப் போனதும் வலது காதுக்குப் போனதும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கும் என்றார். ரெண்டிலும் சரிசமமா இருக்கிறது ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும், வித்தியாசமா இருக்கிறது மட்டும் மிஞ்சும். பாட்டுப் பதிகிறவர்கள் குரலை நட்டநடுவில் வைப்பார்கள், இரண்டு காதுக்கும் சம பங்காக. அதனால் முதலில் சாவது குரல்தான்.

அந்தக் கடை ஆறடிக்கு எட்டடி. அதில் மூன்று வருஷம் இருந்தேன். எங்கள் வருமானத்தில் பாதி அந்த ஒரு ஓட்டையிலிருந்து வந்தது என்றால் மிகையில்லை. "ஹெட்செட் போடாமலே ஹெட்செட் படம் நிக்குது, ஸ்பீக்கர் பேச மாட்டேங்குது" என்று தினமும் நாலு பேராவது வருவார்கள். சட்டைப் பையின் பஞ்சு உள்ளே போய் அடைத்து, அங்கே பின் இருப்பதாகப் போனை நம்ப வைத்திருக்கும். ஊக்கை நிமிர்த்தி அதன் முனையால் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். அழுத்தினால் உள்ளே இருக்கிற பித்தளை நாக்கு மடங்கிவிடும். பீடித் தூள் வந்திருக்கிறது, எறும்பு வந்திருக்கிறது. பூ எடுக்கிற பெண்களின் போனிலிருந்து காய்ந்த மல்லிகை இதழ் சுருண்டு வந்திருக்கிறது. பின் உடைந்து நுனி உள்ளேயே தங்கிவிட்டால் தீர்ந்துபோன பேனா ரீஃபிலை வெட்டி, அதன் வாயில் ஒரு துளி ஃபெவிக்விக் வைத்து உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐம்பது எண்ணி இழுப்போம்.

ஆனால் எனக்குப் பிடித்த வேலை ஒயர் ஒட்டுவதுதான். ஹெட்செட் பெரும்பாலும் பின்னின் கழுத்தில்தான் சாகும். மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்திருக்கும், வெளித்தோல் மட்டும் பார்வைக்கு நன்றாக இருக்கும். பின்னிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வெட்ட வேண்டும். ரப்பரை உரித்தால் உள்ளே முடியைவிட மெல்லிய செம்புக் கம்பிகள், நடுவில் பலத்துக்கு ஒரு வெள்ளை நைலான் நூல். சிவப்பு வலது, பச்சை இடது, நிறமில்லாத செம்பு கிரவுண்டு. அந்த நிறம் ஒரு பூச்சு. அதன் மேல் ஈயம் பிடிக்காது. லைட்டரை ஒரு நொடி காட்டி எடுக்க வேண்டும், அரை நொடி கூடினால் நூலோடு சேர்ந்து கம்பியும் உருண்டை கட்டிவிடும். கருகிய நுனியை விரலால் துடைத்து, பேஸ்டில் தொட்டு, அயர்ன் முனையில் ஈயத்தோடு தேய்த்தால் செம்பு வெள்ளியாக மாறும். அந்த மாறுதலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். பூச்சு கருகும் வாடை அன்று முழுக்க விரலில் இருக்கும். இருபது ரூபாய். வாங்கிப்போகிறவர் அங்கேயே நின்று இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அடிக்கடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நான் பின் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "இதோட பாட்டனை முப்பது வருஷம் கையில பிடிச்சவன்டா நான்" என்றார். ட்ரங்க் கால் கேட்கிறவரின் கம்பியை எடுத்து, வேண்டிய ஊரின் ஓட்டையில் சொருகுவது அவர் வேலை. அந்தப் பின் கிட்டத்தட்ட இதைப்போல் இரண்டு மடங்கு தடிமன், உருவம் இதேதான். அவர் சொன்னது உண்மை என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1870-களின் கடைசியில் சார்லஸ் ஸ்க்ரிப்னர் என்ற அமெரிக்கர் எக்ஸ்சேஞ்சுக்காகச் செய்த சுவிட்ச் மடக்குக் கத்தி போல இருந்ததால் அதற்கு ஜாக்-நைஃப் என்று பெயர் வந்து, ஜாக் என்று சுருங்கியிருக்கிறது. இரண்டு மனிதரின் பேச்சை ஒட்டவைப்பதற்குப் பிறந்த பொருள், நூற்றுச் சொச்சம் வருஷம் உருவம் மாறாமல் நிலக்கோட்டை வரை நடந்து வந்திருந்தது.

அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவள். மொட்டு மலர்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் விடிய மூன்று மணிக்கெல்லாம் டாட்டா ஏஸ் வந்து நிற்கும். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, நெற்றியில் தலை லைட்டு, இடுப்பில் மடி. கூலி கிலோக் கணக்கு, அதனால் கை நிற்கக் கூடாது. என் இரண்டாவது மாதச் சம்பளத்தில் யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு நோக்கியா 2700-ஐ எடுத்து, கீபேட் மாற்றி, மெமரி கார்டு நிறைய இளையராஜா பாட்டு ஏற்றி அம்மாவிடம் கொடுத்தேன். ஹெட்செட் நான் ஒட்டியது. ஒரு காதில்தான் போடுவாள். இன்னொரு காது தோட்டத்துக்கு. செடிக்கடியில் சரசரவென்று ஏதாவது ஊர்ந்தால் கேட்க வேண்டுமே.

விடிந்து வானொலி நிலையம் திறந்ததும் ரேடியோவுக்கு மாற்றிவிடுவாள். கோடைப் பண்பலை, 100.5. எங்கள் ஊரில் நின்றால் மேற்கே தெரிகிற அதே மலையிலிருந்து வருவது. ஹெட்செட்டைச் சொருகாவிட்டால் போனில் ரேடியோ பாடாது, "ஹெட்செட்டை இணைக்கவும்" என்று நின்றுவிடும். அந்த ஒயர்தான் ஏரியல். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு முக்கால் மீட்டர், ஹெட்செட் ஒயரோ ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே அந்தப் பெண்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒயரைச் சுருட்டி மடியில் போட்டால் இரையும், சட்டைக்கு வெளியே நீளமாகத் தொங்கவிட்டால் தெளிவாகக் கேட்கும். புதிதாகப் போன் வாங்கிய பெண்ணுக்கு அம்மா இதைச் சொல்லிக்கொடுத்ததை நானே கேட்டிருக்கிறேன். "கம்பியத் தொங்க விடுடி, அதுதான் காத்துல இருந்து பிடிக்குது."

நானும் தங்கையும் பெரியகுளத்துக்குப் போகிற பஸ்ஸில் ஒரே ஹெட்செட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவோம். அவளுக்கு இடது, எனக்கு வலது. இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டும், ஒருவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினால் இன்னொருவர் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். அதில் ஒரு விசேஷம் இருந்தது. எண்பதுகளின் பாட்டுகள் சிலவற்றில் வாத்தியங்களை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நன்றாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அவள் கேட்ட வயலினை நான் கேட்கவில்லை, நான் கேட்ட கிதாரை அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டில் கிதாரே கிடையாது என்று அவள் சாதிப்பாள். பாடுகிறவரின் குரல் மட்டும் இருவருக்கும் பொது. 1979-இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனிலேயே இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு ஜாக்குகள் வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு அந்த பஸ்ஸின் வலது பக்க இரண்டாவது சீட்தான் நினைவுக்கு வந்தது.

2012-இல் சென்னைக்கு வந்துவிட்டேன். ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற வேலை. 2016 செப்டம்பர் 7-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் 7 அறிமுகமானது. ஜாக்கை எடுத்துவிட்டோம் என்று ஆப்பிளின் பில் ஷில்லர் மேடையில் சொன்னார். அதற்கு அவர் கொடுத்த காரணங்களை ஒரே சொல்லில் சுருக்கினார்: தைரியம். அச்சகத்தின் இரவு ஷிஃப்டில் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் என்னைக் குத்தியது. ஐபோன் வாங்குகிற நிலையில் நான் இல்லை, அந்தப் போனைக் கையில் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் என் கை செய்து பழகிய ஒரு வேலையை யாரோ தூரத்தில் கதவைச் சாத்தி மூடுவது போல இருந்தது.

அவர்கள்தான் முதல் ஆள் என்றும் சொல்ல முடியாது. ஒப்போ 2012-லேயே ஃபைண்டர் என்ற மெலிந்த போனில் ஜாக் வைக்கவில்லை. அந்த 2016-லேயே மோட்டோ இசட் ஜாக் இல்லாமல் வந்திருந்தது. ஆனால் ஆப்பிள் செய்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பது கடையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே தெரியும். இடம் மிச்சம், தண்ணீர் புகாது என்று காரணம் சொன்னார்கள். இடம் மிச்சம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போனின் உள்ளே அந்த ஓட்டைக்கு எவ்வளவு இடம் போகிறது என்று திறந்து பார்த்தவன் நான். தண்ணீர்க் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வருஷம் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7-இல் ஜாக்கும் இருந்தது, தண்ணீரிலும் தாங்கியது. அந்தச் சாம்சங்கே 2019-இல் நோட் 10-இல் ஜாக்கை எடுத்தது. 2020-இல் ஐபோன் 12 பெட்டிக்குள் ஹெட்செட்டே வராமல் போனது. எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது 2021. போனை வாங்கியவரே கழற்றிப் பூட்டலாம் என்று கொள்கை வைத்து நெதர்லாந்தில் நடக்கும் ஃபேர்போன் நிறுவனமும் தன் நான்காவது போனில் ஜாக்கை விட்டுவிட்டது.

ஒயர் இல்லாததில் இருக்கிற நல்லதை நான் மறுக்கவில்லை. காதுக்கருவி போட்டிருக்கிற என் நண்பன் ஒருவனுக்கு ப்ளூடூத் பெரிய வரம். இத்தனை நாள் போன் பேச்சைக் கருவியின் மைக்கில் பிடித்து, இரைச்சலோடு பாதி யூகித்துக் கேட்டுக்கொண்டிருந்தவன், இப்போது நேராகக் காதுக்குள் கேட்கிறான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு ஒயர்தான் உசத்தி என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்கு அது வேண்டும். அம்மாவுக்கு இது வேண்டும். ஒன்றைக் கொடுப்பதற்கு இன்னொன்றை ஏன் பிடுங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, உள்ளே திண்டுக்கல் மாவட்டம் வரை வந்தது. எங்கள் பக்கம் டெல்டாவைப் போல அழியவில்லை. மரம் சாய்ந்து கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. சென்னையிலிருந்து நான் எத்தனையோ தரம் அடித்தும் லைன் கிடைக்கவில்லை. மறுநாள் பேசியபோது அம்மா சாதாரணமாகச் சொன்னாள், "ரேடியோ கேட்டுச்சுடா. மதுரைப் பக்கத்து ஸ்டேஷன் ஒண்ணு கரகரன்னு வந்துச்சு. எங்க எங்க மழைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. தெருவுல எல்லாருக்கும் நான்தான் சொன்னேன்." அதே நோக்கியா, அதே ஒட்டுப் போட்ட ஒயர். 2023 ஏப்ரலில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாது, ஆபத்துக் காலத்தில் மக்களுக்கு அது தேவை என்று கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. செய்தியைப் படித்ததும் அம்மாவின் தெருதான் கண்ணில் வந்தது. அந்த நேரத்தில் அம்மாவிடம் ரேடியோ இல்லை. அதற்குக் காரணம் நான்.

2022-இல் அந்த நோக்கியாவின் போர்டு போய்விட்டது. தங்கை பிள்ளையை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கும் ஆசை. ஒரு நல்ல ஸ்மார்ட்போனும், கூடவே வெள்ளை நிறத்தில் ஒரு ஜோடி பட்ஸும் வாங்கிப்போனேன். ஜாக் இல்லாத போன் என்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன். அம்மாவுக்கு ஒயர்த் தொல்லை இனி இல்லை என்று நினைத்தேன். டப்பாவில் வைத்தால் சார்ஜ் ஏறும், திறந்தால் தானே சேரும் என்று சொல்லிக்கொடுத்தேன். அம்மா அந்த டப்பாவை மஞ்சள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

சித்திரை மாசம், பூ கொட்டுகிற காலம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ விடியற்காலை நாலரைக்கு எனக்குப் போன் வந்தது. அம்மா அழவில்லை, ஆனால் குரல் அடைத்திருந்தது. குனிந்து பறிக்கும்போது காதிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. விழுந்தது மண்ணிலா மடியிலா என்று தெரியவில்லை. மடியில் மூன்று கிலோ மொட்டு. தலை லைட்டின் வெளிச்சத்தில் வெள்ளை மொட்டுக்குள் வெள்ளை மொட்டாக அதைத் தேடியிருக்கிறாள். பக்கத்து வரிசைப் பெண்கள் இரண்டு பேரும் சேலையை விரித்துப் பூவைக் கொட்டித் தேடியிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் அரை மணி நேரக் கூலி போனது. விற்றவன் கொடுத்த பெயரிலேயே அது மொட்டுதான். கிடைக்கவே இல்லை. பூவோடு பூவாகக் கமிஷன் கடைத் தராசில் ஏறி, ஏதோ ஓர் ஊருக்கு மூட்டையில் போயிருக்கும் என்று அம்மா இன்னும் நம்புகிறாள். "எவ்வளவுடா அது?" என்று கேட்டாள். பாதி விலைதான் சொன்னேன். அதற்கே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கம்பி இருந்தா காதுல இருந்து விழுந்தாலும் கழுத்துல தொங்கும்டா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல இன்றுவரை என்னிடம் ஏதுமில்லை.

சென்ட்ரல் பக்கத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு டைப்-சி மாற்றி வாங்கி, அம்மாவின் பழைய ஹெட்செட்டை அதில் சொருகி அனுப்பினேன். பாடவில்லை. எனக்கே அப்போதுதான் அந்த விவரம் தெரிந்தது. சில போன்கள் சார்ஜ் போடுகிற ஓட்டை வழியாகப் பாட்டை நேராக ஹெட்செட்டுக்கு ஏற்ற மின்சாரமாகவே அனுப்பும், அதற்கு வெறும் கம்பி மாற்றி போதும். வேறு சில போன்கள் எண்களாக மட்டும்தான் அனுப்பும், அதற்கு மாற்றியின் உள்ளேயே அதைப் பாட்டாக்குகிற ஒரு சிப் இருக்க வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், பெட்டியில் எழுதியும் இருக்காது. சிப் உள்ளதாகத் தேடி நானூறு ரூபாய்க்கு வாங்கினேன். பாடியது. ரேடியோ மட்டும் வரவில்லை, அந்தப் போனில் அதற்கான வசதியே வைக்கவில்லை. சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்கவும் முடியாது. இரண்டு மாதத்தில் அந்த மாற்றியும் செத்துப்போனது. பழைய பின் ஓட்டையில் சுழலும், எந்தப் பக்கம் இழுத்தாலும் வளைந்து கொடுக்கும். இது தட்டையாக விறைத்துக்கொண்டு நிற்கிறது. மடியில் கிடந்து குனிந்து நிமிர்கிற உடம்போடு அதனால் ஒத்துப்போக முடியவில்லை.

போன பங்குனியில் ஊருக்குப் போனபோது கடைக்குப் போனேன். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பெரும்பாலும் டிஸ்ப்ளே மாற்றுகிற வேலை, டெம்பர் கிளாஸ் ஒட்டுகிற வேலை. மேஜையின் கீழ் டிராயரை இழுத்துக் காட்டினார். செத்த பட்ஸ், கறுப்பும் வெள்ளையுமாக, படியில் அளந்தால் ஒரு படி இருக்கும். எல்லாம் இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஓடியவை. உள்ளே இருக்கிற பேட்டரி பிடிப்பு இழந்து, பத்து நிமிஷத்தில் அணைந்துபோகிறது. "பார்த்துக் குடுண்ணேன்னு வச்சுட்டுப் போயிடுறாங்க. என்னத்தப் பார்க்க?" என்றார். ஒன்றை எடுத்து ஹீட்டரில் காட்டி, பிளேடை மெதுவாக விளிம்பில் விட்டுத் திறந்தார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு பேட்டரி, மேலும் கீழும் தகடு வைத்து வெல்டு பண்ணியது. அதே அளவில் பேட்டரி வாங்கலாம், ஒட்டவும் அவரால் முடியும். ஆனால் மூடி திரும்ப ஒட்டாது, ஒட்டினாலும் வியர்வை உள்ளே போகும். அந்தச் செலவில் புதிதே வந்துவிடுகிறது. ஆப்பிளின் ஏர்பாட்ஸைப் பிரித்துப் பார்த்து ரிப்பேர் செய்ய இயலுமா என்று மார்க் போடுகிற ஐஃபிக்ஸிட் குழு, 10-க்கு 0 கொடுத்திருக்கிறது. நாற்பது வருஷம் ரேடியோ, டேப், டி.வி., செல்போன் எல்லாம் திறந்த கை அது. திறந்த பட்ஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டிராயரில் திரும்பப் போட்டு மூடிவிட்டார்.

"பழைய ஜாக் போன் ஏதாவது இருக்காண்ணே, ரேடியோவோட?" என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கடையின் ஓரத்தில் கூடை நிறைய ஒயர்கள் சிக்கிக் கிடந்தன, பின் போனவை, காது போனவை. அதில் நல்ல காது உள்ள ஒன்றைப் பிரித்து எடுத்து, அயர்னைச் சூடு போட்டு, என் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. லைட்டரை எவ்வளவு நேரம் காட்டுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சிவப்பும் பச்சையும் வெள்ளியானது. செம்பு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது, இரண்டாம் தரம் தேய்த்தேன். டேப் சுற்றி, பின் மூடியைத் திருகினேன். வாடை விரலில் ஏறிவிட்டது.

மறுநாள் விடிய மூன்று மணிக்கு வாசலில் டாட்டா ஏஸின் ஹாரன். அம்மா சட்டையைப் போட்டு, லைட்டை நெற்றியில் மாட்டி, போனை மடியில் செருகி, ஒன்றுக்கு இரண்டு காதிலும் வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"என்னம்மா?"

"வயலின் கேக்குது. எல்லாம் கேக்குது. பாடுற ஆளு வரலடா."

கிரவுண்டு. செம்புக் கம்பியில் ஈயம் பிடிக்காமல் போயிருக்கிறது. வண்டிக்காரரிடம் ரெண்டு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, வீட்டுக்குள் ஓடிப் பழைய அயர்னைத் தேடி எடுத்து, திண்ணையில் ப்ளக்கைச் சொருகினேன். அம்மா தலை லைட்டைக் குனிந்து என் கை மேல் பிடித்துக்கொண்டாள். வண்டியில் இருந்த பெண்கள் இறங்கி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள், அவர்களுடைய லைட்டுகளும் சேர்ந்துகொண்டன. அத்தனை வெளிச்சத்தில் நான் அதுவரை எந்த ஒயரையும் ஒட்டியதில்லை. மூடியைக் கழற்றி, செம்பை மறுபடி சுட்டு, துடைத்து, ஈயம் வைத்தேன். மெல்லிய புகை எழுந்து எல்லார் முகத்துக்கும் போனது.

அம்மா காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டாருடா" என்றாள். ஒன்றைக் காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.